பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே சிசிஐஇ படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு நெட்வொர்க் டீம்களில் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அவுட்டர் ரிங் ரோடு என எந்த என்ஓசிக்குள் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) நுழைந்தாலும் சேலம், மதுரை, திருநெல்வேலி என்று நாலு பேராவது இருப்பார்கள். மூன்று நான்கு வருட அனுபவம் வந்ததும் அவர்களில் பலருக்கு சிஸ்கோ நிறுவனத்தின் உயர்நிலை நெட்வொர்க் சான்றிதழான சிசிஐஇ மீது ஆசை வருகிறது. கோச்சிங் போகாமல் சொந்தமாகப் படிக்க நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. எல்லாமே சிஸ்கோவின் சிசிஐஇ என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் டிராக்கை மனதில் வைத்துச் சொன்னவை. செக்யூரிட்டி, டேட்டா சென்டர் படிப்பவர்களுக்குப் பாடம்தான் வேறு.

தொடக்கநிலைச் சான்றிதழான சிசிஎன்ஏகூட எழுதவில்லை. நேராக சிசிஐஇ எழுத விடுவார்களா?

விடுவார்கள். சிஸ்கோ எந்தச் சான்றிதழையும் முன்நிபந்தனையாகக் கேட்பதில்லை. ஐந்து முதல் ஏழு வருட அனுபவம் இருந்தால் நல்லது என்று பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான்.

தேர்வு இரண்டு கட்டம். முதலில் என்கோர் என்று எல்லோரும் சொல்லும் 350-401, 120 நிமிடம், கட்டணம் 400 டாலர். இதில் தேறினால் அந்தத் தேர்ச்சி மூன்று வருடம் செல்லும். அதற்குள் லேப் என்ற செய்முறைத் தேர்வை முடிக்க வேண்டும். லேப் எட்டு மணி நேரம்: முதல் மூன்று மணி நேரம் டிசைன், அடுத்த ஐந்து மணி நேரம் சாதனங்களில் கட்டுவது, இயக்குவது, பழுது பார்ப்பது. கட்டணம் 1,600 டாலர். இரண்டு பகுதிகளிலும் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும், அதற்கு மேல் மொத்த மதிப்பெண்ணும் தேற வேண்டும். ஒன்றில் வெளுத்து வாங்கி இன்னொன்றில் கோட்டைவிட்டால் தேர்ச்சி இல்லை.

சிசிஐஇ தொடங்கியது 1993-ல். 2001 வரை லேப் இரண்டு நாள் நடந்தது. நாம் கட்டி வைத்ததைத் தேர்வாளர் உடைத்து வைப்பார், மறுபடி நாம்தான் சரி செய்ய வேண்டும். 2020 பிப்ரவரி 24 அன்று பழைய ரவுட்டிங் அண்ட் ஸ்விட்சிங் டிராக் இப்போதைய என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சராக மாறியது. சீனியர்கள் தரும் பழைய நோட்ஸை வாங்கும்போது இந்தத் தேதியை நினைவில் வையுங்கள். அதற்கு முந்தைய நோட்ஸில், மென்பொருள் வழியாக நெட்வொர்க்கை நடத்தும் எஸ்டி-வானும் (கிளைகளுக்கு இடையே) எஸ்டி-ஆக்ஸஸும் (அலுவலகத்துக்குள்) பைத்தான் நிரல்மொழியும் இருக்காது.

அப்படியானால் இடைநிலைச் சான்றிதழான சிசிஎன்பி வீண்தானே?

வீண் இல்லை. என்கோர்தான் சிசிஎன்பி என்டர்பிரைஸுக்கும் முதல் தேர்வு. அதோடு எனார்சி என்று சொல்லும் 300-410-ஐயும் எழுதினால் சிசிஎன்பி கையில் வந்துவிடும். 90 நிமிடம், 300 டாலர். லேபுக்குப் படிக்கும் ரவுட்டிங்கில் பெரும்பகுதி அதில் வருகிறது. தவிர, சிசிஐஇ நடுவில் நின்றுபோனாலும் ரெஸ்யூமில் போட ஒன்று இருக்கும். பலருக்கு நடுவில் நிற்கத்தான் செய்கிறது. அதை நினைத்துத் திட்டம் போடுவதில் தப்பில்லை.

எத்தனை மாதத்தில் முடிக்கலாம்?

மாதக் கணக்கை விடுங்கள், மணிக் கணக்குப் போடுங்கள். சிசிஎன்பி அளவுக்குக் கை பழகியவருக்கு லேப் வரை இன்னும் 800 முதல் 1,000 மணி நேரம் தேவைப்படும் என்பது என் மதிப்பீடு. வாரத்துக்கு 15 மணி நேரம் கிடைத்தால் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். 10 மணி நேரம்தான் என்றால் ஏறக்குறைய இரண்டு வருடம்.

அந்தப் 10, 15 என்ற எண்ணை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலோர் எக்ஸெல் ஷீட் திறந்து, தினமும் மூன்று மணி நேரம், சனி ஞாயிறு எட்டெட்டு மணி நேரம் என்று வண்ணம் அடித்து வைப்பார்கள். அது வாழ வேண்டிய வாழ்க்கையின் ஷீட். வாழ்கிற வாழ்க்கைக்கு வேறு ஷீட் வேண்டும். போன இரண்டு வார ரோஸ்டரை எடுத்து வையுங்கள். எந்த நாள் எந்த ஷிஃப்ட், எத்தனை மணிக்கு வீடு வந்தீர்கள், எந்த ராத்திரி பி1 டிக்கெட் (மிக அவசரப் பழுது) வந்து பிரிட்ஜ் காலில் (கூட்டு அழைப்பில்) உட்கார வைத்தார்கள், எந்த சனிக்கிழமை மைக்ரேஷன் விண்டோ எல்லாவற்றையும் குறியுங்கள். மிச்சமிருப்பதில் மூளை வேலை செய்யும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். அதில் பாதியைத் திட்டத்தில் போடுங்கள். குறைவாகத்தான் தெரியும். ஆனால் மோசமான ஒரு புதன்கிழமையிலும் அந்தத் திட்டம் நிற்கும்.

வருடத்துக்கு ஒரு போக்கு உண்டு, அதையும் கணக்கில் எடுங்கள். டிசம்பர் கடைசியில் பெரும்பாலான கம்பெனிகளில் சேஞ்ச் ஃப்ரீஸ், அதாவது நெட்வொர்க்கில் மாற்றம் எதுவும் செய்யாத காலம். வேலை குறையும், அந்த இரண்டு மூன்று வாரம் படிப்புக்குப் பொன். அடுத்து பொங்கல். இங்கே சங்கராந்திக்கு ஒரு நாள்தான் லீவு, நாம் நாலு நாள் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவோம். போய் வந்த வாரம் எதுவும் ஓடாது. மே மாதம் கல்யாணங்கள், பிறகு தீபாவளி. லேப்டாப்பை ஊருக்குத் தூக்கிப்போய் மாமா வீட்டுத் திண்ணையில் பிஜிபி என்ற ரவுட்டிங் நெறிமுறையைப் படிக்கலாம் என்றெல்லாம் எண்ண வேண்டாம். அந்த வாரங்களைப் பூஜ்ஜியம் என்றே எழுதிவிடுங்கள்.

நான் அமெரிக்க ஷிஃப்டில் இருக்கிறேன். கேப் இறக்கிவிடும்போது விடிகாலை நாலு மணி. எப்போது படிப்பது?

வந்ததும் படிக்க வேண்டாம், தூங்குங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து படிப்பேன் என்ற திட்டம் ஒரு வாரம் தாங்காது. மதியம் எழுந்து சாப்பிட்டு, ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு மணி நேரம் லேப் (செய்முறைப் பயிற்சி) போடுங்கள். அதுதான் உங்களுடைய காலை நேரம். ரோஸ்டர் மாறும் வாரத்தில் புதுப் பாடம் எதையும் தொடாமல் பழைய லேப்களை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

பகல் ஷிஃப்ட்காரர்களுக்கு வேறு தொல்லை. சில்க் போர்டையும் அவுட்டர் ரிங் ரோட்டையும் தாண்டிப் போகிறவருக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் சாலையில் போய்விடுகிறது. அதற்கு எனக்குத் தெரிந்து ஒழுங்காக வேலை செய்த வழி ஒன்றுதான்: நெரிசலுக்கு முன்பே கிளம்பி ஏழு மணிக்கெல்லாம் ஆபீஸ் போய்விடுவது. ஒன்பதரை வரை கேன்டீன் மூலையில் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஏசி இருக்கும், நெட் இருக்கும், கரன்ட் போகாது. பஸ்ஸிலோ மெட்ரோவிலோ நின்றுகொண்டு லேப் போட முடியாது. ஆனால் ஒரு ஆர்எஃப்சியில் (நெறிமுறையை வரையறுக்கும் ஆவணம்) பத்துப் பக்கம் படிக்கலாம்.

அண்ணா, எனக்குக் கல்யாணமாகிக் குழந்தைக்கு இரண்டு வயது. பத்து மணிக்கு அவள் தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம். இது நடக்குமா?

நடக்கும் தங்கச்சி, ஆனால் அட்டவணையை மாற்ற வேண்டும். அரை மணி நேரத் துண்டுகளில் முடியக்கூடியவற்றை வார நாளில் வையுங்கள்: ஒரே ஒரு அம்சம், இரண்டு மூன்று ரவுட்டர், சேமித்து வைத்த டோப்பாலஜி (சாதனங்களை இணைத்த அமைப்பு). மெஷினை ஆன் செய்து டோப்பாலஜி பூட் ஆகவே கால் மணி நேரம் போனால் மனசு விட்டுப்போகும். அதனால் அணைக்காமல் சஸ்பெண்டில் வையுங்கள். நீளமான லேபுக்கு வாரத்தில் ஒரு அரை நாள் வேண்டும், அந்த நேரம் குழந்தை வீட்டுக்காரர் பொறுப்பு. இதை முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். "படிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன்" என்ற பொதுவான வாக்குறுதி செல்லாது. ஞாயிறு காலை ஏழு முதல் பதினொன்று என்று நேரம் குறித்துப் பேசுங்கள்.

லேபுக்கு என்ன மெஷின் வாங்க வேண்டும்?

பெட்டி பெட்டியாகப் பழைய ரவுட்டர் வாங்கி அடுக்கும் காலம் போய்விட்டது. எல்லாம் மெய்நிகர். அதனால் கேள்வி ரேமைப் பற்றியது. ஐஓஎஸ்வி ரவுட்டர் ஒன்றுக்கு 512 எம்பி போதும். 16 ஜிபி லேப்டாப்பில் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, எம்பிஎல்எஸ் போன்ற நெறிமுறைகளின் டோப்பாலஜிகள் தாராளமாக ஓடும். கேட்டலிஸ்ட் 8000வி என்ற பெரிய மெய்நிகர் ரவுட்டர் வந்தால் ஒன்றுக்கு 4 ஜிபி. எஸ்டி-வானின் மேனேஜர் மட்டும் 16 ஜிபிக்குக் குறையாமல் கேட்கும், அதோடு கன்ட்ரோலர், வேலிடேட்டர், எட்ஜ் ரவுட்டர்கள். அங்கே 64 ஜிபி இருந்தால்தான் மூச்சு விடலாம்.

பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்பி ரோட்டில் கம்பெனிகள் கழித்துவிட்ட வொர்க்ஸ்டேஷன்கள் கிடைக்கும். வாங்கும்போது காலி ரேம் ஸ்லாட் எத்தனை என்று மூடியைத் திறந்து பாருங்கள், எஸ்எஸ்டி புதிதாகப் போடுங்கள், கடையிலேயே ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். ரேக் சர்வர் விலை மலிவாகத் தெரியும். ஆனால் மூன்று பேர் தங்கும் பிஜி அறையில் அந்த ஃபேன் சத்தத்தை வைத்தால் ரூம்மேட்டுகள் உங்களையும் சர்வரையும் சேர்த்து வெளியே தள்ளுவார்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம். பெஸ்காம் (இங்குள்ள மின் நிறுவனம்) பராமரிப்பு நாளில் சேமிக்காத கான்ஃபிக் போவது பெரிய இழப்பில்லை, டிஸ்க் இமேஜ் கெட்டுப்போவது இழப்பு.

மெய்நிகர் லேப் மென்பொருளில் ஈவ்-என்ஜி கம்யூனிட்டி பதிப்பும் ஜிஎன்எஸ்3-யும் இலவசம். ஆனால் அவை வெறும் மேடைதான், சிஸ்கோ இமேஜ்கள் தனியாக முறைப்படி கிடைக்க வேண்டும். சிஸ்கோவின் சொந்த லேப் மென்பொருளான சிஎம்எல் பர்சனல் வருடத்துக்கு 199 டாலர், 20 நோட் (மெய்நிகர் சாதனம்) வரை, இமேஜ்களும் அதோடு வரும். ஐந்து நோட் மட்டும் போடக்கூடிய இலவசப் பதிப்பும் உண்டு. அரை மணி நேரத் துண்டு லேபுகளுக்கு அந்த ஐந்தே போதும். முதல் மூன்று மாதம் அதை வைத்து ஓட்டிவிட்டு, தொடர்ந்து படிக்கிறீர்களா என்று பார்த்த பிறகு பணத்தைப் போடுங்கள்.

எந்தப் பாடத்தில் தொடங்குவது?

லேப் பாடத்திட்டத்தில் நெட்வொர்க் இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்கு 30 சதவீதம், மென்பொருள் வழி இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்கு 25, டிரான்ஸ்போர்ட், செக்யூரிட்டி மற்றும் சேவைகள், ஆட்டோமேஷன் மூன்றுக்கும் தலா 15. இந்தப் பிரிப்பு எப்போது வேண்டுமானாலும் திருத்தப்படலாம். சிஸ்கோ தளத்தில் இருக்கும் நடப்புப் பதிப்பை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

சதவீதத்தைப் பார்த்து நேரத்தைப் பிரிப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அந்த முதல் 30-தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது. எஸ்டி-வானின் அண்டர்லே (அடியில் ஓடும் நெட்வொர்க்) ஓஎஸ்பிஎஃபில் நிற்கும், எம்பிஎல்எஸ் விபிஎன் பிஜிபியில் நிற்கும். ஸ்விட்சிங், ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி, பிஜிபி, மல்டிகாஸ்ட் இவற்றுக்கு மொத்த நேரத்தில் பாதியைக் கொடுங்கள். பிறகு எம்பிஎல்எஸ் எல்3 விபிஎன், கிளைகளை டனல் வழியே இணைக்கும் டிஎம்விபிஎன். இங்கே இன்டர்வியூவில் அதிகம் பேர் விழும் குழி ஒன்று இருக்கிறது: ரூட் டிஸ்டிங்குஷர் முகவரியைத் தனித்துவமாக்க மட்டும்தான், எந்த விஆர்எஃபுக்குள் (ரவுட்டருக்குள் இருக்கும் தனி ரவுட்டிங் அட்டவணை) போகும் என்பதை முடிவு செய்வது ரூட் டார்கெட். இரண்டையும் ஒரே எண்ணாகப் போட்டே பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் கடைசி வரை பிடிபடுவதில்லை. லேபில் வேண்டுமென்றே வேறு வேறு எண் போடுங்கள்.

ஒரு பாடம் முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?

வெறும் கான்ஃபிக்கில் இருந்து, நோட்ஸ் பார்க்காமல் கட்டவும், வேறு ஒருவர் கெடுத்து வைத்ததைக் கண்டுபிடிக்கவும் முடியும்போது. வீடியோ முடிந்த நாளைப் பாடம் முடிந்த நாள் என்று கணக்கு வைக்காதீர்கள். வீடியோவில் அவர் டைப் அடிக்கிறார், நமக்குப் புரிகிறது, அவ்வளவுதான்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஓஎஸ்பிஎஃப் போடுங்கள். ஒரு பக்கம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 1500, மறுபக்கம் 1400. பிங் போகும், ஹலோ போகும், ஆனால் நெய்பர் (பக்கத்து ரவுட்டரோடு ஏற்படும் உறவு) எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் நிலையிலேயே நிற்கும், ஃபுல் ஆகாது. ஏன் பிங் போனது? சிஸ்கோவில் பிங்கின் இயல்பு அளவு 100 பைட். 1500 அளவில், துண்டாக்காதே என்ற டிஎஃப் பிட்டோடு பிங் போட்டுப் பாருங்கள், அங்கே அடிபடும். ஏன் நெய்பர் நின்றது? டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன் பாக்கெட்டிலேயே அனுப்புபவரின் எம்டியு எழுதியிருக்கும். தன்னால் ஏற்க முடியாத அளவு எழுதியிருந்தால் பெறுபவர் அந்தப் பாக்கெட்டையே தள்ளிவிட வேண்டும் என்று 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2328 சொல்கிறது. இப்போது எம்டியு-இக்னோர் கட்டளையைப் போடுங்கள், நெய்பர் ஃபுல் ஆகிவிடும். பழுது போய்விட்டதா? இல்லை. சோதனையை மட்டும்தான் அணைத்திருக்கிறீர்கள். பெரிய பாக்கெட் வரும் நாளில் அது மறுபடி தலை காட்டும். இதே அறிவு டிஎம்விபிஎன் டனலுக்குப் போகும்போது ஐபி எம்டியு 1400, எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி துண்டில் செல்லும் தரவின் அதிகபட்ச அளவு) 1360 என்று ஏன் போடுகிறார்கள் என்பதில் போய்ச் சேரும். 1400-ல் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போனால் 1360.

ஒரு சின்னப் பழுதை இப்படி நாலு பக்கமும் இருந்து பார்க்க ஒரு மாலை போகும். போகட்டும்.

அடுத்தது ரீடிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒரு நெறிமுறையின் ரூட்டுகளை இன்னொன்றுக்குள் அனுப்புவது. இரண்டு எல்லை ரவுட்டர்கள், இரண்டிலும் இஐஜிஆர்பிக்கும் ஓஎஸ்பிஎஃபுக்கும் இரு வழி ரீடிஸ்ட்ரிபியூஷன். இஐஜிஆர்பியில் எக்ஸ்டர்னலாக இருக்கும் ஒரு ரூட்டுக்கு நிர்வாகத் தூரம் 170. அது முதல் ரவுட்டர் வழியே ஓஎஸ்பிஎஃபுக்குள் போய் இரண்டாவது ரவுட்டருக்கு வரும்போது 110. குறைந்த எண் ஜெயிக்கும், அதனால் இரண்டாவது ரவுட்டர் பக்கத்து வழியை விட்டுவிட்டுச் சுற்றிப் போகத் தொடங்கும், நேரம் சரியில்லாவிட்டால் அதைத் திரும்ப இஐஜிஆர்பிக்குள்ளேயே தள்ளி லூப்பும் ஆக்கும். டேக் போட்டுத் தடுப்பது ஒரு வழி, டிஸ்டன்ஸை மாற்றுவது இன்னொரு வழி. இரண்டையும் செய்து, எது எந்த இடத்தில் பொருந்தும் என்று எழுதி வையுங்கள். டிசைன் பகுதியில் கேட்பது இதைத்தான்.

கெடுத்து வைக்க ஆள் வேண்டுமே?

ஒரு துணை தேடுங்கள், ஒருவர் போதும். எட்டுப் பேர் வாட்ஸ்அப் குரூப் தொடங்கினால் இரண்டாவது வாரத்தில் குட்மார்னிங் மட்டும் வரும். நீங்கள் அவருக்கு மூன்று பழுது வைத்து டோப்பாலஜி ஃபைலை அனுப்புங்கள், அவர் உங்களுக்கு. விடையைக் கேட்காமல், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தொலைபேசியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழில்தான் சொல்லுங்களேன். தடுமாறும் இடம் உடனே தெரியும்.

உங்கள் டிக்கெட்டுகளும் ஒரு துணைதான். இந்த வாரம் ஆபீஸில் பார்த்த ஒரு பழுதை, வாடிக்கையாளர் பெயர், முகவரி எதுவும் இல்லாமல், வீட்டு லேபில் திரும்பக் கட்டிப் பாருங்கள். கம்பெனி கான்ஃபிக்கை அப்படியே காப்பி அடித்து வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள், வேலை போய்விடும்.

என்னென்ன படிக்க வேண்டும்?

சிஸ்கோவின் கான்ஃபிகரேஷன் கையேடுகள் முதலில். லேபில் சிஸ்கோ ஆவணங்களைப் பார்க்க அனுமதி உண்டு. அதனால் கூகுளில் தேடாமல், தயாரிப்பு, பதிப்பு, அத்தியாயம் என்று கிளிக் செய்தே பக்கத்தை அடையப் பழகுங்கள். ஆர்எஃப்சிகளை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. 2328-க்கு 244 பக்கம், அதில் நெய்பர் நிலைகளைச் சொல்லும் பத்தாம் பகுதியும் ரூட் கணக்கிடும் பதினாறாம் பகுதியும் போதும். பிஜிபிக்கு 4271-ல் 9.1. அதைப் படித்தால் வெயிட் என்பது அங்கே இல்லவே இல்லை, அது சிஸ்கோவின் சொந்தச் சரக்கு என்பதும் தெரியும். வேறு கம்பெனி ரவுட்டர் இருக்கும் நெட்வொர்க்கில் இது தெரிந்திருப்பது பயன்படும்.

தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆங்கிலத்தில் இவ்வளவு படிக்க முடியுமா?

கையேடுகளின் ஆங்கிலம் எளிமையானது, திரும்பத் திரும்ப அதே முந்நூறு நானூறு சொற்கள்தான். இரண்டு மாதத்தில் பழகிவிடும். கவனிக்க வேண்டியது டிசைன் பகுதியின் ஆங்கிலம். அங்கே வாடிக்கையாளரின் மின்னஞ்சல், கூட்டக் குறிப்பு, வரைபடம் என்று நீளமாகக் கொடுத்து, ஒரு "மட்டும்", ஒரு "கூடாது" எங்கோ நடுவில் ஒளிந்திருக்கும். கேள்வியைப் படித்ததும் அதன் நிபந்தனைகளைத் தமிழில் இரண்டு வரியாகக் குறித்துக்கொள்ளப் பழகுங்கள்.

டிசைன் பகுதிக்குத் தனியாக எப்படித் தயாராவது?

அங்கே சாதனமே கிடையாது. பதில் கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் திரும்பி வரவும் முடியாது. டைப் அடித்தே பழகிய கைகளுக்கு அது கஷ்டம்.

ஆபீஸில் பழைய டிசைன் ஆவணங்கள் இருக்கும், அவற்றை வேலையின் பகுதியாகவே கேட்டு வாங்கி அங்கேயே படியுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் எதை ஏன் வேண்டாம் என்றார்கள் என்று தேடுங்கள். இல்லாவிட்டால் நீங்களே கேள்வி உண்டாக்குங்கள்: இரண்டு கம்பெனிகள் இணைகின்றன, இருவரிடமும் 10 என்று தொடங்கும் அதே முகவரிகள், ஆறு மாதத்தில் ஒன்றாக்க வேண்டும், கிளைகளில் ஆள் கிடையாது. எல்லையில் முகவரியை மொழிபெயர்க்கும் நாட் போதுமா, சாதனங்களுக்கே முகவரி மாற்றமா, தனித்தனி விஆர்எஃபா? தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், தள்ளியதற்கு ஒரு காரணம் எழுதுங்கள். தள்ளியதற்குக் காரணம் எழுத வரவில்லை என்றால் டிசைன் இன்னும் வரவில்லை.

எனக்குக் கோடிங் வராது. ஆட்டோமேஷனை விட்டுவிடலாமா?

15 சதவீதத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மற்றதில் தேறுவது வீண் வீரம். கேட்பதும் பெரிய மென்பொருள் இல்லை. இன்டர்ஃபேஸ் விழுந்ததும் ஷோ கட்டளைகளைச் சேமிக்கும் இஇஎம் ஆப்லெட் (ரவுட்டருக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்), நிரல் மூலம் சாதனத்தோடு பேசும் நெட்கான்ஃப், ரெஸ்ட்கான்ஃப் வழியாக ஒரு அமைப்பைப் படித்து மாற்றுவது, அதற்குத் தேவையான அளவு பைத்தான். தினசரி வேலையில் சலிப்பூட்டும் ஒன்றை எடுங்கள், ஐம்பது ஸ்விட்ச்களின் கான்ஃபிக்கைப் பேக்கப் எடுப்பது மாதிரி. அதை லேபில் ஒரு ஸ்கிரிப்டாக எழுதுங்கள். நெட்கான்ஃப் ஏன் இணையவில்லை என்று ஒரு மணி நேரம் தேடிவிட்டு, 830-வது போர்ட்டை ஏசிஎல் (போக்குவரத்தை வடிகட்டும் விதிப் பட்டியல்) தடுத்திருப்பதைக் கண்டுபிடிக்கும்போது, இதுவும் நமக்குத் தெரிந்த நெட்வொர்க்கிங்தான் என்று புரியும்.

எஸ்டி-ஆக்ஸஸுக்கு வீட்டில் லேப் போட முடியாதே?

முடியாது. எஸ்டி-ஆக்ஸஸை நடத்தும் கேட்டலிஸ்ட் சென்டரின் மெய்நிகர் பதிப்பே 256 ஜிபி ரேம் கேட்கிறது. ஆனால் எஸ்டி-ஆக்ஸஸின் அடியில் இருப்பவை லிஸ்ப், விஎக்ஸ்லான் என்ற நெறிமுறைகள். அவற்றைக் கையாலேயே சின்ன டோப்பாலஜியில் கட்டிப் பாருங்கள். சிஸ்கோவின் டெவ்நெட் சாண்ட்பாக்ஸில் இலவசமாக முன்பதிவு செய்து திரைகளைப் பழகலாம். கடைசி இரண்டு மாதத்தில் ஒரு வார இறுதிக்கு வாடகை ரேக் (வாடகைக்குக் கிடைக்கும் சாதன அடுக்கு) எடுங்கள். அடிப்படை தெரியாமல் ரேக் எடுத்தால் காசு கொடுத்துப் பட்டன் பார்த்துவிட்டு வருவீர்கள்.

அண்ணே, டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) ஏதாவது இருக்கா?

இல்லை தம்பி. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று சிஸ்கோவோடு நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்துக்கு எதிரானது அது. பிடிபட்டால் சான்றிதழ் ரத்து, தடையும் உண்டு. பிடிபடாமல் தப்பினாலும் இன்டர்வியூவில் பத்தாவது நிமிடம் வெளுத்துவிடும். இந்த ஊரில் நெட்வொர்க் வட்டம் நினைப்பதைவிடச் சின்னது, பேனலில் இருப்பவர் உங்கள் பழைய மேனேஜரின் ரூம்மேட்டாக இருப்பார்.

கோச்சிங் போவதே நல்லதோ?

அட்டவணையை வேறு யாராவது பிடித்து வைத்தால்தான் உட்காருவேன் என்பவருக்கு நல்லது. சேருமுன் சொல்லித்தருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு முழு எட்டு மணி நேர மாதிரி லேப் எத்தனை முறை போட விடுவீர்கள், திருத்துவது யார்? பதில் வழவழவென்று இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

பணம்?

என்கோர், லேப், மெஷின், சிஎம்எல், வாடகை ரேக் எல்லாம் கூட்டினால் இரண்டரை லட்சத்துக்குக் குறையாது. டாலர் விலையும் வரியும் சேர்ந்தால் லேப் கட்டணம் மட்டுமே ஒன்றரை லட்சத்தைத் தொடும். கம்பெனி திருப்பித் தருமா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். தேறினால் மட்டும்தானா, தந்த பிறகு எத்தனை மாதம் வேலையை விடக் கூடாது, விட்டால் முழுத்தொகையா பகுதியா என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிசிஐஇ வந்ததும் வேலை மாறத்தான் பெரும்பாலோர் படிக்கிறார்கள். 90 நாள் நோட்டீஸோடு இந்த பாண்டும் சேர்ந்தால் புது ஆஃபர் கையைவிட்டுப் போகும்.

லேப் தேதியை எப்போது போடுவது?

முழு எட்டு மணி நேர மாதிரி லேபை, எழுந்து போகாமல், இரண்டு வார இறுதிகள் அடுத்தடுத்து முடித்து, நேரம் மிச்சம் இருந்தால். அதற்கு முன்னால் தேதி போட்டால் பயத்தில் படிப்போம் என்று சிலர் சொல்வார்கள். பயத்தில் பரபரப்பாகத்தான் படிப்போம்.

லேப் மையம் உள்ள ஊர்களில் பெங்களூரும் ஒன்று என்பது உங்களுக்கு வசதி. வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள், நீங்கள் பஸ் ஏறினால் போதும். அதனாலேயே அசட்டையாக இருந்துவிடாதீர்கள். உறுதி மின்னஞ்சலில் வரும் முகவரியைப் பார்த்து, அதே கிழமை, அதே காலை நேரத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். அவுட்டர் ரிங் ரோடு மழை நாளில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தைய இரவு பக்கத்தில் அறை எடுப்பது ஆடம்பரம் இல்லை. முந்தைய இரண்டு நாளும் லீவு, ஆன்-கால் வேறொருவர் பெயரில். ஆன்-கால் மாற்றுவதை ஒரு மாதம் முன்பே செய்யுங்கள், கடைசி வாரம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேறாவிட்டால்?

முதல் முறையில் தேறாதவர்கள்தான் அதிகம், அதற்குப் பட்ஜெட்டில் இடம் விடுங்கள், ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம். வெளியே வந்த அன்று இரவே எந்த இடத்தில் நேரம் போனது, எந்தப் பாடத்தில் கை நின்றது என்று உங்களுக்காக எழுதி வையுங்கள். கேள்வியை எழுதவும் கூடாது, யாருக்கும் சொல்லவும் கூடாது, அது ஒப்பந்த மீறல். என்கோரில் தோற்றால் ஐந்து நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம். லேபுக்குக் காத்திருக்கும் காலத்தை சிஸ்கோ அவ்வப்போது மாற்றுவதால் அந்த நேரத்து விதியைப் பாருங்கள்.

தேறிய பிறகு திரும்ப எழுத வேண்டுமா?

மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மறுபடி லேப் எழுதலாம், அல்லது தொடர்கல்விப் புள்ளிகள் 120 சேர்க்கலாம். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். சிஸ்கோவின் சில இணையப் பாடங்களுக்கும் மாநாட்டு அமர்வுகளுக்கும் புள்ளி உண்டு, இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. மூன்றாவது வருடக் கடைசியில் தேடினால் காசு கொடுத்து வாங்க வேண்டிவரும். வருடத்துக்கு 40 என்று வைத்துக்கொண்டால், அந்த டிசம்பர் சேஞ்ச் ஃப்ரீஸிலேயே முடித்துவிடலாம்.